பழைய கார்: வாங்குவதா, திருத்துவதா, விட்டுவிடுவதா?

மீள்குடியேறிய குடும்பம் ஒன்றின் கைக்கு ஓரளவு பணம் வந்ததும் எழும் கேள்விகளில் வாகனக் கேள்வியும் ஒன்று. முள்ளிவாய்க்கால் கிழக்கிலோ மேற்கிலோ இருப்பவருக்கு முல்லைத்தீவு நகரமும் மாஞ்சோலை வைத்தியசாலையும் வட்டுவாகல் பாலத்துக்கு அப்பால்தான் உள்ளன. புதுக்குடியிருப்புச் சந்தைக்கு மறுதிசையில் ஏ35 வீதியால் போகவேண்டும். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பேருந்தை எதிர்பார்க்க முடியாது. ஆகவே, குறைந்த விலையில் ஒரு பழைய சிறிய கார் கிடைத்தால் வீட்டுத் தேவைக்கும் ஆகும், வாடகைக்கும் ஓடலாம் என்று நினைப்பது நியாயமானது.

ஆனால் பழைய காரின் விலை வாங்கிய அன்றோடு முடிவதில்லை. இந்தக் கட்டுரை உங்களை மெக்கானிக் ஆக்குவதற்காக எழுதப்படவில்லை. கராஜில் நின்று பேசும்போது எதைக் கேட்க வேண்டும், எந்தப் பழுது சிறியது, எந்தப் பழுது குடும்பத்தின் சேமிப்பை விழுங்கக்கூடியது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

எமது பகுதியில் ஓடும் பழைய கார்கள்

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் நீண்டகாலம் ஓடிய சிறிய கார்கள் பெரும்பாலும் இங்கிலாந்தில் செய்யப்பட்டவை: மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, சற்றுப் பெரிதான ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ். மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் செய்யப்பட்டன. 1956 முதல் 948 சிசி என்ஜினும், 1962 முதல் 1098 சிசி என்ஜினும் பொருத்தப்பட்டன. அதற்குப் பின் வந்த தலைமுறையின் சிறிய கார் மாருதி 800. 1983 டிசம்பரில் இந்தியாவில் வெளிவந்த இதன் என்ஜின் 796 சிசி, மூன்று சிலிண்டர்.

1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் வன்னிக்குள் வரவில்லை. பழைய இங்கிலாந்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு என்ஜினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த என்ஜின்களின் அமுக்க விகிதம் குறைவாக இருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று. 2002இல் ஏ9 வீதி திறந்து பெற்றோல் வந்தது. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டதும் தட்டுப்பாடும் திரும்பியது. இது பழைய கதையாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் காலத்தில் ஓடிய காரை இன்று வாங்குபவர் அதன் விளைவையும் சேர்த்தே வாங்குகிறார். மண்ணெண்ணெய் முழுமையாக எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி என்ஜின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீர்போல் இளகிவிடும். இளகிய ஒயிலில் ஓடிய பிஸ்டன் வளையங்களும் பெயாறிங்குகளும் விரைவாகத் தேயும். வால்விலும் பிஸ்டன் தலையிலும் கரி படியும்.

மூன்று ஆண்டு நின்ற கார்

2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது இந்த மணல் நிலத்தில் பெருந்தொகையான வாகனங்கள் கைவிடப்பட்டுக் கிடந்தன. சில பின்னர் உரியவர்களின் கைக்குத் திரும்பின. சில பலரின் கை மாறி விற்பனைக்கு வந்தன. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல். இரண்டுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்ற காரை வாங்குபவர் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: உடனே இயக்கிப் பார்க்காதீர்கள்.

உள்ளே துருப்பிடித்து இறுகிய என்ஜினைப் புதிய பற்றரியின் பலத்தில் சுழற்றினால் பிஸ்டன் வளையங்கள் உடையும், சிலிண்டர் சுவர் கீறுபடும். முதலில் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது ஒயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட வேண்டும். பிறகு கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். மொறிஸ் மைனர் போன்றவற்றில் முன்பக்கம் ஹாண்டில் போட்டுச் சுழற்றலாம். தடையின்றிச் சுழன்றால் பழைய ஒயிலையும் பழைய எரிபொருளையும் முற்றாக வெளியேற்றிய பின்னரே இயக்க வேண்டும்.

கார் உடலில் துளைகள் இருந்தால் வெளித்தகட்டை மட்டும் பார்க்காதீர்கள். சிதறல் எந்தத் திசையில் போயிருக்கும் என்று குனிந்து பாருங்கள். எரிபொருள் தாங்கி, பிறேக் குழாய், மின்கம்பிகள் ஆகிய மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள்.

உயிருக்கு முந்திய எச்சரிக்கை

உதிரிப்பாகம் தேடிக் கைவிடப்பட்ட வாகனங்களிடம் போகாதீர்கள். பற்றைக்குள்ளோ மணலுக்குள்ளோ புதைந்து கிடக்கும் வாகனத்தில் ஒரு சில்லு நல்லதாகத் தெரியலாம். அந்த வாகனத்துக்குள்ளும், அதன் கீழும், அதற்குப் போகும் வழியிலும் வெடிக்காத குண்டுகள் இருக்கக்கூடும். பழைய இரும்பு பொறுக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். வாங்கிய காரின் இருக்கைக்குக் கீழோ பின்பெட்டியிலோ அறிமுகமில்லாத உலோகப் பொருள் இருந்தால் தொடாதீர்கள், அசைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். அனைவரையும் விலக்கிவிட்டுப் பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119.

அடிக்கடி வரும் பழுதுகள்

பிறேக். மொறிஸ் மைனரின் பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தரைக்குக் கீழே இருக்கிறது. சேறும் தண்ணீரும் எளிதில் போய்ச் சேரும் இடம் அது. நான்கு சில்லுகளுக்கும் ஒரே ஒயில் இணைப்பு என்பதால், ஓர் இடத்தில் கசிந்தாலும் முழுப் பிறேக்கும் போய்விடும். மிதிக்கும்போது பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால், அல்லது இரண்டு மூன்று தடவை மிதித்தால்தான் பிடித்தால், அந்தக் காரை வீதியில் ஏற்றாதீர்கள். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை முற்றாக மாற்ற வேண்டும். அவசரத்துக்கு என்ஜின் ஒயிலை விட்டால் உள்ளே இருக்கும் றப்பர்கள் ஊதிப் பழுதாகும். சில துளி மிச்சம் பார்த்ததற்கு எல்லாச் சிலிண்டர்களின் றப்பரையும் மாற்ற வேண்டி வரும். பிறேக் றப்பர்கள் மலிவானவை. சிலிண்டரின் உட்சுவர் துருவால் குழிந்துவிட்டால் சிலிண்டரையே மாற்ற வேண்டும், செலவு பல மடங்காகும்.

முன்சில்லுத் தாங்கி. மொறிஸ் மைனரின் முன்சில்லு, மேலும் கீழும் மரையுள்ள இரண்டு மூட்டுகளில் திரும்புகிறது. அவற்றுக்குக் கிறீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சில்லு மடங்கிக் கார் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். மணல் வீதிகளில் ஓடும் காருக்கு மாதம் ஒரு தடவையாவது கிறீஸ் அடிப்பது நல்லது. ஒரு கிறீஸ் துப்பாக்கியும் அரை மணி நேரமும் போதும். விட்டால் வரும் செலவு, சில்லுத் தாங்கி முழுவதையும் மாற்றும் செலவு. மாருதி 800இல் முன்சில்லுகளே வண்டியை இழுக்கின்றன. அந்தத் தண்டுகளின் முனையில் உள்ள றப்பர் உறை கிழிந்தால் மணல் உள்ளே போகும். வளைவில் திரும்பும்போது ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால் மூட்டு தேய்ந்துவிட்டது. உறை கிழிந்த உடனேயே மாற்றினால் சிறு செலவு. சத்தம் வரும்வரை காத்திருந்தால் மூட்டையே வாங்க வேண்டும்.

சூடேறுதல். கடலோரக் கிணறுகளில் உவர் கலந்த தண்ணீர்தான் பல இடங்களில் கிடைக்கிறது. அதை றேடியேற்றருக்கு விட்டால் உட்குழாய்களில் உப்பும் துருவும் படிந்து தண்ணீர் ஓட்டம் தடைப்படும். மழைத்தண்ணீரைச் சேமித்து விடுங்கள், இயலுமானால் குளிர்விப்புத் திரவம் கலந்து விடுங்கள். வெப்பநிலை முள் சிவப்பை நெருங்கினால் ஊர் கிட்டத்தான் என்று ஓடிப்போகாதீர்கள். ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். ஆறும்வரை காத்திருங்கள். குழாய் வெடிப்பு, மூடி பழுது, காற்றாடிப் பட்டி தளர்வு ஆகியவை சிறு செலவுகள். சூட்டோடு ஓடினால் ஹெட் காஸ்கற் எரியும், சிலிண்டர் ஹெட் வளையும். ஒயில் மூடியின் உட்பக்கம் பால்தேநீர் நிறத்தில் நுரை, றேடியேற்றருக்குள் குமிழிகள், என்ஜின் சூடேறிய பின்னரும் நிற்காத வெள்ளைப் புகை: இவை அதற்கான அடையாளங்கள். காஸ்கற்றின் விலை பெரிதல்ல. ஹெட்டைக் கழற்றிப் பூட்டும் கூலியும், லேத் பட்டறை உள்ள நகரத்துக்குக் கொண்டுபோய் மட்டப்படுத்தும் செலவுமே பெரிது.

புகை. புகையின் நிறத்தைப் பார்த்தாலே பாதி விளங்கும். கறுப்புப் புகை என்றால் எரிபொருள் அளவுக்கு மிஞ்சிப் போகிறது. காபரேற்றரைச் சீர்செய்தால் அல்லது காற்று வடியைத் துப்புரவாக்கினால் பெரும்பாலும் சரியாகும். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது, அதாவது வளையமோ வால்வு வழியோ தேய்ந்துவிட்டது. இதுதான் பெருஞ்செலவு. விற்பவர் காரை ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் சில குறைகள் மறைந்திருக்கும். ஆறிய என்ஜினை உங்கள் முன்னால் இயக்கச் சொல்லுங்கள்.

மின் பழுது. கார் இயங்கவில்லை என்றதும் என்ஜின் போய்விட்டது என்று பயப்படாதீர்கள். பழைய கார்களில் பொயின்ற், கண்டென்சர், பிளக், தளர்ந்த கம்பி ஆகிய நான்கில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும். நான்கும் மலிவானவை. மொறிஸ் மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய கார்களில் எதிர்முனை. இதை அறியாமல் வேறு வாகனத்தின் பற்றரியிலிருந்து கம்பி கொடுத்தால் பொருட்கள் எரியும். சில கார்களில் இடையில் மாற்றியிருப்பார்கள். கம்பி கொடுக்குமுன் எந்த முனை உடலில் பூட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

ரைமிங் பட்டி. மொறிஸ் மைனரில் ரைமிங் சங்கிலி. மாருதி 800இல் றப்பர் பட்டி. பட்டி கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று சொல்ல ஆளில்லாவிட்டால், மாற்றப்படவில்லை என்றே கொண்டு உடனே மாற்றுங்கள். அறுந்தால் கார் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

துரு. மொறிஸ் மைனருக்கும் மாருதி 800க்கும் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடலே சட்டம். ஆகவே தரை, கதவின் கீழ்ப்படி, பின் வில்லுத் தகடு பூட்டும் இடம் ஆகியவை துருப்பிடித்தால் அது அழகுக் குறை அல்ல, ஆபத்து. கால்மிதி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். திருகாணிச் சாவியின் பிடியால் தட்டிப் பாருங்கள். ஒரு சிறு காந்தத்தைக் கொண்டுபோங்கள். பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. மீன் வியாபாரத்துக்கு ஓடிய காரின் பின்பெட்டித் தரையைக் கட்டாயம் பாருங்கள். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் அங்கேதான் தேங்கியிருக்கும். என்ஜினைத் திருத்தலாம், மாற்றலாம். உடல் அழுகிய காரைத் திருத்தப் போனால் முடிவே இருக்காது.

செலவைக் கணக்கிடுவது

உதிரிப்பாக விலை மாதத்துக்கு மாதம், கடைக்குக் கடை மாறும். எனவே தொகைகளை மனப்பாடம் செய்வதிலும் கணக்கிடும் முறையை அறிவது பயன்தரும். எந்தத் திருத்தத்துக்கும் மூன்று வரிகள் எழுதுங்கள்: பாகத்தின் விலை, கூலி, கொண்டுவரும் செலவு. மூன்றாவது வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைக்காத பாகத்துக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஆளனுப்ப வேண்டி வரலாம். அதுவரை கார் கராஜிலேயே நிற்கும். மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் ஆறுதல்: அதன் பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கும் ஏற்றுமதியாகியிருக்கின்றன. வயதான கார் என்பதால் பாகமே கிடைக்காது என்று சொல்பவரை உடனே நம்பிவிடாதீர்கள்.

விளங்குவதற்காக ஓர் உதாரணம். தொகைகள் கணக்குக்காக மட்டுமே. பிறேக்குக்கு 12,000 ரூபா, குளிர்விப்புக்கு 10,000 ரூபா, இரண்டு ரயருக்கு 18,000 ரூபா என்று மெக்கானிக் சொல்கிறார். மொத்தம் 40,000. பழைய காரைக் கழற்றிய பின் சொல்லாத பழுதுகள் தெரியவரும். ஆகவே மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 13,000 ரூபாவை ஒதுக்கி வையுங்கள். இப்போது தேவை 53,000. கார் கிழமைக்கு மூன்று நாள் வாடகைக்கு ஓடி, எரிபொருள் போக நாளுக்கு 800 ரூபா மிஞ்சினால், கிழமைக்கு 2,400. செலவழித்த 53,000 திரும்பி வர 22 கிழமைகள் செல்லும். காப்புறுதியும் வரியும் அடுத்த பழுதும் இதில் சேரவில்லை. அந்த ஐந்து மாதம் குடும்பம் எதில் வாழும் என்பதற்கு விடை இருந்தால் மட்டும் கராஜுக்குப் பணம் கொடுங்கள்.

இதிலே முக்கியமான ஒன்று. இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீட்டுக்கான 550,000 ரூபா கட்டங்கட்டமாகத்தான் கிடைத்தது. முந்திய கட்ட வேலை முடிந்ததைக் காட்டினால்தான் அடுத்த கொடுப்பனவு வந்தது. ஒரு கட்டப் பணத்தைக் “கார் ஓடி உழைத்ததும் போட்டுவிடலாம்” என்று கராஜில் கொடுத்தால், சுவர் அந்த உயரத்திலேயே நின்றுவிடும். அடுத்த கட்டப் பணமும் வராது. மாரி மழை காத்திருக்காது. வீட்டுப் பணம், பிள்ளைகளின் படிப்புப் பணம், கடன் தவணை ஆகிய மூன்றையும் காருக்குத் தொடாதீர்கள்.

எதை முதலில் திருத்துவது

பணம் எல்லாவற்றுக்கும் போதாதபோது ஒழுங்கு முக்கியம். முதலில் பிறேக். அடுத்து ஸ்ரியறிங்கும் ரயரும். மூன்றாவது குளிர்விப்பு. நான்காவது விளக்குகளும் மின்கம்பிகளும். அதன் பின்னரே என்ஜினின் பலத்தைக் கூட்டும் வேலை. நிறம் அடிப்பது கடைசி. கார் ஓடாவிட்டால் வீட்டில் நிற்கும், நிற்காவிட்டால் உயிரை எடுக்கும்.

கராஜில் நடந்துகொள்ளும் முறை

வேலை தொடங்குமுன் என்னென்ன வேலை, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கூடுதல் பழுது தெரிந்தால் தொலைபேசியில் கேட்டபின்தான் தொடர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முற்பணமாகப் பாகங்களின் விலையை மட்டும் கொடுங்கள், கூலியை வேலை முடிந்தபின் கொடுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். போட்டது புதியதா, பாவித்ததா என்று பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இவற்றுக்குக் கோபிக்கமாட்டார். பெரிய வேலை என்றால் இன்னொரு கராஜிலும் விலை கேளுங்கள்.

பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு: “உங்களுக்கு இது விளங்காது அக்கா” என்று யாராவது சொன்னால், விளங்கப்படுத்தும்வரை பணம் கொடுக்க வேண்டியதில்லை. பழுதான பாகத்தைக் கையில் எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

பத்திரங்கள்

கார் எவ்வளவு நல்லதானாலும் பத்திரம் இல்லாவிட்டால் அது உங்களுடையதாகாது. பதிவுப் புத்தகத்தில் உள்ள என்ஜின் இலக்கத்தையும் சசி இலக்கத்தையும் காரிலுள்ள இலக்கங்களோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். கையொப்பமிட்ட வெறும் பத்திரத்தோடு பலர் கை மாறிய காரை வாங்காதீர்கள். முதல் உரிமையாளரோ அவரது குடும்பமோ ஒருநாள் தேடி வரலாம். இந்த மண்ணில் அந்த உரிமையாளர் உயிரோடு இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் அவரின் குடும்பத்துக்கு அந்த வாகனத்தில் உரிமை உண்டு என்பதை மறக்க வேண்டாம். போர்க்காலத்தில் வன்னிக்குள் வழங்கப்பட்ட இலக்கத் தகடு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுக்கு ஈடாகாது.

உங்கள் சொந்தக் காரின் புத்தகம் இடம்பெயர்வில் தொலைந்திருந்தால், முதலில் பொலிசில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைப் பெறுங்கள். பின்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இணைப்பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் வழிகாட்டல் கேளுங்கள். வீதியில் ஓட்டக் காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், வருமான அனுமதிப்பத்திரம், சாரதி அனுமதிப்பத்திரம் ஆகியவை வேண்டும். நீலப் புகை விடும் கார் புகைப் பரிசோதனையில் சித்தியடைவது கடினம். ஆகவே அந்தச் செலவை வாங்குமுன்னரே கணக்கில் சேருங்கள்.

விட்டுவிட வேண்டிய கார்

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் விலை எவ்வளவு குறைவானாலும் வாங்காதீர்கள்: பதிவுப் புத்தகம் இல்லை. இலக்கங்கள் பொருந்தவில்லை. தரையும் படியும் துருவால் அழுகியுள்ளன. ஆறிய என்ஜினை இயக்கிக் காட்ட விற்பவர் மறுக்கிறார். உங்கள் சொந்தக் காராக இருந்து, உடல் அழுகிவிட்டிருந்தால், அதைத் திருத்தக் கடன் வாங்காதீர்கள். அந்தக் காரில் யார் யார் இருந்தார்கள் என்ற நினைவு உங்களிடம் இருக்கும். அதற்காகக் காரை முற்றத்தில் வைத்திருப்பது உங்கள் விருப்பம். அதை ஓடவைப்பதற்குக் குடும்பத்தைக் கடனாளியாக்க வேண்டியதில்லை.

வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒரு பழக்கத்தைத் தொடங்குங்கள். காலையில் இயக்குமுன் நான்கைப் பாருங்கள்: ஒயில் மட்டம், றேடியேற்றர் தண்ணீர், பிறேக் ஒயில், ரயர் காற்று. கிழமைக்கு ஒருதரம் நல்ல தண்ணீரால் அடித்தரையைக் கழுவி உப்பைப் போக்குங்கள். ஒரு கொப்பியில் செலவையும் திகதியையும் கிலோமீற்றரையும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் கொப்பியைக் கூட்டிப் பார்த்தால், காரை வைத்திருப்பதா விற்பதா என்பதற்கு வேறு யாரிடமும் கேட்க வேண்டி இராது.